ஒட்டுப் போர்வையா, சேலைப் போர்வையா? யாருக்கு எதைத் தைத்துக் கொடுப்பது

நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த ஒட்டுப் போர்வை, துவைத்த பிறகு இரண்டு வாரம் காயவில்லை.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கும் தோழிக்குக் கொடுத்தது. மார்ச்சில் கொடுத்தேன், அவள் ஜூனில் துவைத்தாள். தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் வெயிலைப் பார்ப்பதே அதிசயம். கொடியில் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள், கடைசியில் அடுப்பங்கரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். மேல்துணி காய்ந்தது. உள்ளே நான் அடைத்திருந்த இலவம் பஞ்சு காயாமல் பூஞ்சை வாடை அடித்தது. போதாததற்குப் பஞ்சு முழுவதும் ஒரு மூலைக்குப் போய் உருண்டை கட்டிக்கொண்டது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய அம்மாதான் ஒரு நாள், "நீ தச்சது அழகாத்தான் இருந்துச்சு புள்ள, இப்ப தலகாணி மாதிரி ஆயிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு இருபதுக்கு மேல் தைத்துவிட்டேன். தோழிகளுக்கு, கூட வேலை செய்கிற ஆசிரியர்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, இடமாற்றம் வாங்கிப் போனவர்களுக்கு. இப்போது யாராவது "எனக்கும் ஒருத்தருக்குத் தைத்துக் கொடுக்கணும், எதில் தொடங்குவது" என்று கேட்டால், டிசைனைப் பற்றி நான் பேசுவதே இல்லை. வாங்குகிறவர் எங்கே இருக்கிறார், அதைத் துவைத்து எங்கே காயப்போடுவார் என்றுதான் முதலில் கேட்பேன். பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

மலையகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம். அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளை பக்கம் நல்ல வெயில். அங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மார்கழி, தை வரை போகும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். பண்டாரவளைக்காரருக்கும் நுவரெலியாக்காரருக்கும் ஒரே போர்வையைத் தைத்துக் கொடுத்தால் ஒருவருக்கு நிச்சயம் உதவாது.

சரி, கையில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

முழு ஒட்டுப் போர்வை

குவில்ட் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி மேல்துணி, நடுவில் பஞ்சோ கம்பளியோ, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துத் தையல். பார்ப்பதற்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆள் படுக்கைக்கு 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம் வேண்டும். தைத்து முடித்த சதுரம் 5 அங்குலம் என்று வைத்தால் 12 வரிசையில் 18, ஆக 216 துண்டு. ஒவ்வொன்றையும் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஒரு துண்டில் ஒரு நூல் அளவு பிசகினால் பதினெட்டாவது துண்டுக்குப் போகும்போது வரிசை கோணிவிடும். பள்ளிக்கூடம், வீடு, சமையல் எல்லாம் போக இரவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எனக்கு இது ஒன்றரை மாதம் பிடிக்கிறது.

மடியில் போடுகிற அளவு, அதாவது 40க்கு 50 அங்குலம் என்றால் 80 துண்டுதான். சனி, ஞாயிறு இரண்டு வாரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அன்பைக் காட்டப் பெரிதாகத்தான் தைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பாதியில் விட்டுவிட்டு, அந்தத் துண்டுகளைப் பைக்குள் போட்டு அலுமாரி மேலே வைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டு அலுமாரி மேலேயும் அப்படி ஒரு பை உண்டு. 2021இல் ஆரம்பித்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: முழு அளவு வருடத்துக்கு ஒருவருக்கு மட்டும். அதுவும் இரத்த உறவு மாதிரி இருக்கிற ஒருவருக்கு.

நடுவில் எதை வைப்பது

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இலவம் பஞ்சு மலிவு, எடை இல்லை, இயற்கையானது. தலையணைக்கு அதை விட்டால் வேறு இல்லை. அதன் இழை உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும், மேலே மெழுகு பூசினாற்போல வழுக்கும். ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாததால் தட்டினால் நகர்ந்துவிடும், நனைந்தால் சேர்ந்து உருண்டுவிடும். மெல்லிய துணி என்றால் வெளியே கசிந்து மூக்கில் ஏறும். துவைக்க வேண்டிய எதற்குள்ளும் அதை வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

பொலியெஸ்டர் பஞ்சு ஷீட் கொழும்பு புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும். நல்ல கதகதப்பு, உப்பலாக அழகாக நிற்கும், பருத்திப் பஞ்சை விடச் சீக்கிரம் காயும். குறை என்னவென்றால், தையல் தள்ளித் தள்ளி இருந்தால் உள்ளே இழுபட்டுக் கிழியும். நான்கைந்து அங்குலத்துக்கு ஒரு தையலாவது ஓட வேண்டும். நாள்பட அதன் இழை தாடி முளைத்த மாதிரி துணிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கறுப்புத் துணியில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

பருத்திப் பஞ்சு ஷீட் நடுவில் வைத்தது ஒன்றே ஒன்று தைத்திருக்கிறேன், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தது. தட்டையாக, பாரமாக, பழைய காலத்துப் போர்வை மாதிரி உடம்போடு ஒட்டிப் படுக்கும். தைக்கிறவருக்கு அதுதான் சொர்க்கம். ஹட்டன் மழையில் காயப்போடுகிறவருக்கு நரகம்.

கடைசியில் நான் வந்து நின்றது மெல்லிய ஃப்ளீஸ் போர்வையில். நுவரெலியா டவுனில் குளிர் உடுப்பு விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, ஜேர்சி, ஜக்கட் எல்லாம் மலைபோல் குவித்து வைத்திருப்பார்களே, அங்கே தேடினால் சாயம் கொஞ்சம் மங்கினது, ஓரத் தையல் விட்டது என்று குறைந்த விலைக்கு ஒன்று கிடைக்கும். நடுவில் போய் மறையப்போவதால் நிறம் எதுவானாலும் கவலை இல்லை. ஒரே துணியாக இருப்பதால் நகராது, உருளாது, தையல் பத்து அங்குலம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. பிழிந்து கொடியில் போட்டால் மழைக்காலத்திலும் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். பஞ்சு போல உப்பி நிற்காது, அதனால் தையல் கோடுகள் எடுப்பாகத் தெரியாது. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியே கொடுப்பேன்: அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஃப்ளீஸ் பொலியெஸ்டர்தான், ஒரு பொறி பட்டால் உருகி ஓட்டை விழும்.

ஒரு சேலை, நான்கு மடிப்பு

இப்போது நான் அதிகமாகத் தைப்பது இதைத்தான். வங்காளத்தில் கந்தா என்று பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவார்களே, அந்த வழி. நம்முடைய கந்தை என்ற சொல்லும் அதுவும் ஒரே குடும்பம்.

வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலை ஒன்று ஐந்தரை மீற்றர், அதாவது 216 அங்குலம் வரும். அகலம் 44 அங்குலம் அளவு. அதை விசிறி மடிப்பாக நான்காக மடித்தால் 44க்கு 54 அங்குலத்தில் நான்கு அடுக்கு கிடைத்துவிடும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. மேல்பக்கம் இரண்டு மடிப்பும், கீழ்ப்பக்கம் ஒரு மடிப்பும் சேலையின் இரண்டு முனையும் வந்து நிற்கும், இரண்டு பக்கமும் சேலைக் கரை ஓடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சேலை எங்கே நைந்துபோகும்? கொசுவம் வருகிற நடுப்பகுதியில், அடி உரசி உரசி. விசிறியாக மடித்தால் அந்தப் பகுதி தானாகவே உள் அடுக்குக்குப் போய்விடும். ஒரு முகம் முந்தானை. மறு முகம் இடுப்பில் செருகுகிற முதல் சுற்று, வெயிலே படாமல் புதுசு போலவே இருக்கும். இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த அன்று எனக்கு நானே ஒரு பிளேன்டீ போட்டுக் குடித்தேன்.

தைப்பதற்கு முன் சேலையை ஜன்னலில் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். ஒளி அதிகம் ஊடுருவுகிற இடம் நைந்த இடம். அது மேல் முகத்தில் வந்தால் மடிப்பை நாலு அங்குலம் தள்ளிப் போடலாம், அல்லது அந்த இடத்தில் வேறொரு துண்டை ஒட்டலாம்.

தையல் கைத்தையல்தான். ஒரு அங்குல இடைவெளியில் நெடுக ஓடினால் 44 வரி. ஒரு வரிக்கு எனக்குக் கால் மணி நேரம், ஆக 11 மணி நேரம். இரண்டு அங்குல இடைவெளி என்றால் அதில் பாதி. பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், பரீட்சை மேற்பார்வை முடிந்து விடைத்தாள் வாங்கக் காத்திருக்கும்போது எல்லாம் தைக்கலாம். மெஷினும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்களே, அந்த நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இரண்டு சேலைப் போர்வை முடித்தேன். வரி கொஞ்சம் ஆடி ஆடித்தான் போயிருக்கும், அதுவும் ஒரு அழகுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

குறை? கதகதப்பு போதாது. நான்கு அடுக்கு வாயில் பதுளைக்குப் போதும், பண்டாரவளைக்கு ஓரளவு போதும். நுவரெலியாவில் ராத்திரிக்கு உதவாது, மாலையில் தோளில் போர்த்திக்கொள்ளலாம். நடுவில் ஃப்ளீஸ் வைத்தால் சூடு வரும், ஆனால் ஊசி இறங்காது, விரல் வீங்கும். அப்போது ஓட்டுத் தையலை விட்டுவிட்டு நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தடித்த நூலில் கட்டிவிடுவேன். நூறுக்கு மேல் முடிச்சு, இரண்டு மணி நேர வேலை. தையலை விட முடிச்சு மட்டம் என்று சிலர் சொல்வார்கள். போர்த்துகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நைலக்ஸ், ஜோர்ஜெட் சேலைகளைத் தொடாதீர்கள். வழுக்கிக்கொண்டே இருக்கும், வியர்வையையும் குடிக்காது.

பழைய துணியைக் கொடுக்கலாமா

தையலை விட இது பெரிய கேள்வி. இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். ஓய்வு பெற்றுப் போன மூத்த ஆசிரியை ஒருவருக்கு, எங்கள் அம்மாவின் வாயில் சேலையில் தைத்ததைக் கொடுத்தேன். என் பார்வையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், விரித்துப் பார்க்கவில்லை. மங்கல காரியமாகப் போகிறவருக்கு உடுத்த துணியைக் கொடுத்ததைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பிறகு பேச்சு அடிபட்டதாகத் தெரிந்தது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்யாணம், புதுமனை, ஓய்வு என்றால் நம் ஆட்கள் கோடித்துணியை மூலையில் மஞ்சள் தொட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த இடத்தில் பழைய சேலை உட்காராது.

ஆனால் பிறந்த பிள்ளைக்கு அப்படியே தலைகீழ். முதலில் உடுத்துவது பழைய துணிதான், பெரியவர்கள் உடுத்தி நைந்து மிருதுவானதாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பாட்டியின் சேலையில் 36 அங்குலச் சதுரமாக ஒன்று தைத்துக் கொடுத்துப் பாருங்கள், வீடே கொண்டாடும். நடுவில் எதுவும் வைக்க வேண்டாம், முடிச்சும் போட வேண்டாம். பிள்ளை வாயில் வைத்துக் கடிக்கும்.

அதனால் நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கதை தெரிந்த தோழிகளுக்குப் பழைய சேலை. வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்குப் புதுத் துணி, அல்லது அவர்களே கொடுத்த துணி. இறந்தவர் உடுத்தியது என்றால் அந்தக் குடும்பத்தைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

பிளவுஸ் மிச்சம்

"அவர்களே கொடுத்த துணி" என்றேன் அல்லவா. பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் எல்லோரும் சேலைதான். எல்லோருக்கும் பிளவுஸ் தைக்கிற டெயிலர் அக்கா ஒருவர் இருப்பார். அவரிடம் ஒவ்வொருவருடைய பிளவுஸ் வெட்டிய மிச்சமும் கிடக்கும். எங்கள் ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு டீச்சர் பதுளைக்கு மாற்றலாகிப் போனபோது 14 பேரின் பிளவுஸ் மிச்சத்தைச் சேர்த்து மடியளவில் ஒன்று தைத்தேன். 80 துண்டுக்கு ஆளுக்கு ஐந்தாறு துண்டு வந்தது. சேர்மார் இருவர் தங்களுக்கு பிளவுஸ் இல்லையே என்று கவலைப்பட்டுப் பழைய சேர்ட்டைக் கொண்டுவந்தார்கள். மாற்றலாகிப் போன டீச்சர் அதை விரித்ததும் துண்டு துண்டாகத் தொட்டு, "இது யோகா டீச்சர்ட, இது பொங்கல் விழாவுக்கு உடுத்தது, இந்தப் பச்சை யாருட?" என்று அரை மணி நேரம் போனது. இடமாற்றம் வாங்கிப் போகிறவருக்கு இதைவிட நல்லது ஒன்று எனக்குத் தெரியவில்லை.

தையல்காரி என்ற முறையில் சொன்னால் இது தலைவலி. ஒன்று பருத்தி, ஒன்று பட்டு மாதிரி, ஒன்று இழுத்தால் நீளும். நீளுகிறதை ஒதுக்கிவிடுங்கள், அல்லது பின்பக்கம் சூட்டில் ஒட்டிக்கொள்கிற மெல்லிய துணி வைத்து அயர்ன் பண்ணுங்கள். எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பருத்தி நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், மற்றது சுருங்காது. தைத்த பிறகு சுருங்கினால் போர்வை அப்பளம் மாதிரி நெளியும். சிவப்பையும் கருநீலத்தையும் ஈரமாக்கி வெள்ளைத் துணியின் மேல் வைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துண்டே வேண்டாம். வினாகிரியில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பினேன். இப்போது என்னிடம் இளஞ்சிவப்பு மேகம் படர்ந்த வெள்ளைப் போர்வை ஒன்று இருக்கிறது. யாருக்கும் கொடுக்க முடியாமல் நானே போர்த்துகிறேன்.

துண்டு தேடி அலைய விருப்பமில்லாதவர்களுக்குக் கொழும்பு இருக்கிறது. கெய்சர் வீதிப் பக்கம் துணிக்கடைகளில் வெட்டு மிச்சம் கிடைக்கும். கார்மென்ட்ஸில் வேலை செய்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே தைத்திருக்கிறார்கள். எனக்கு கால் மெஷினில் நேராகத் தைக்கக் கற்றுக்கொடுத்ததே அங்கிருந்து திரும்பிவந்த பக்கத்து வீட்டு அக்காதான். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதே, அதுபாட்டுக்குப் போக விடு என்று முதுகில் தட்டுவார்.

அடித்துணிக்கு வெள்ளை போடாதீர்கள். வெளிறிய நிறமே வேண்டாம். இது தேத்தண்ணி நாடு, விறகடுப்பு நாடு. கறை, புகை, செம்மண் மூன்றும் ஒரு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிடும். மண்ணிறத்தில் பூப்போட்ட துணி எல்லாவற்றையும் மறைக்கும்.

எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றால்

ஸ்டாஃப் முழுவதற்கும் தீபாவளிக்கோ வருடக் கடைசிக்கோ கொடுக்க நினைத்தால் போர்வை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு விட்டால் மனஸ்தாபம். அதே மூன்றடுக்குத் தையலில் கேத்தல் பிடிக்கிற துணி, எட்டு அங்குலச் சதுரம், ஒரு மாலையில் நான்கு முடிந்துவிடும். நடுவில் ஃப்ளீஸ் வேண்டாம், சூடு தாங்காது. பழைய துவாய்த் துண்டை இரண்டாக மடித்து வையுங்கள். இது பெரிய நினைவுப் பரிசு ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் கையில் எடுப்பார்கள்.

இந்த வருடம் என் பட்டியல் இப்படி இருக்கிறது. நுவரெலியாவில் புது வீடு கட்டிக் குடிபோகிற தோழிக்குப் புதுத் துணியில், நடுவில் ஃப்ளீஸ் வைத்து முழு அளவு ஒன்று. வெட்டியாகிவிட்டது, 216இல் 90 துண்டு ஒட்டியிருக்கிறேன். முதல் பிள்ளை எதிர்பார்க்கிற ஆபீஸ் கிளார்க் தங்கச்சிக்கு அவளுடைய அம்மம்மாவின் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மற்றவர்களுக்குக் கேத்தல் துணி 13. ஹட்டன் தோழிக்குப் பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது அல்லவா, அவளுக்கு என்னுடைய ஊதா வாயில் சேலை. துவைத்துக் கொடியில் போட்டு இன்று மூன்றாவது நாள், முந்தானைப் பக்கம் இன்னும் லேசாக ஈரம்.